கான்பூர் குப்பையிலிருந்து அருங்காட்சியகத்துக்கு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வேறெந்தக் குண்டுவீச்சு விமானத்தையும்விட அதிகமாகக் கட்டியது பி-24 லிபரேட்டரைத்தான். 18,000-க்கும் மேல். மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன்னில் ஃபோர்டு கார் நிறுவனம் நடத்திய ஆலையிலிருந்து, போர் உச்சத்தில் இருந்தபோது, ஏறக்குறைய மணிக்கு ஒன்று வெளியே வந்தது. இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் முழு உருவில் இருப்பவை இருபதைத் தாண்டாது. அவற்றில் குறைந்தது ஆறு, இந்திய விமானப்படை இருபது ஆண்டுகள் ஓட்டித் தேய்த்தவை. அதற்கும் முன்பு, கான்பூரில் உடைத்துப் போடப்பட்டவை.

உடைத்ததற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். போர்க்காலத்தில் கடன்-குத்தகைத் திட்டத்தின் கீழ் அமெரிக்கா பிரிட்டனுக்கு விமானங்களைக் கொடுத்தது. போர் முடிந்ததும் விலை கொடுத்து வாங்க வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும், அல்லது பயன்படாதபடி அழிக்க வேண்டும். கடனில் மூழ்கியிருந்த பிரிட்டன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. கான்பூரின் சகேரி விமானத் தளத்தில் நின்ற லிபரேட்டர்களைக் கிரேனில் தூக்கிக் கீழே போட்டார்கள். எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள். விமானி அறைக் கருவிகளைக் கடப்பாரையால் குத்தினார்கள்.

சுதந்திரம் வந்தது, கூடவே காஷ்மீர்ப் போரும் வந்தது. இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. அப்போது பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்துக்காரர்கள் கான்பூர் போய் அந்தச் சிதைவுகளைப் பார்த்துவிட்டு, "சரிசெய்துவிடலாம்" என்றார்கள். ஒரு விமானத்தின் இறக்கை, இன்னொன்றின் வால், மூன்றாவதன் சக்கரம் என்று கழற்றிச் சேர்த்து, பெங்களூர் வரை பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். அங்கேதான் முழுப் பழுதுபார்ப்பு. கான்பூரிலிருந்து பெங்களூருக்கு அவற்றை ஓட்டி வந்தவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. ஒரு முறை ஓட்டியிருந்தாலே பாராட்டலாம். திரும்பத் திரும்பப் போய் வந்தார். 1948 நவம்பரில் விமானப்படையின் ஐந்தாம் ஸ்குவாட்ரன் இவற்றோடு தொடங்கியது. மொத்தம் 42 விமானங்கள் உயிர்பெற்றன. கடைசி லிபரேட்டர்கள் ஓய்வுபெற்றது 1968 டிசம்பரில்.

மற்ற நாடுகளில் லிபரேட்டர்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருந்தன. அருங்காட்சியகங்கள் விழித்துக்கொண்டு தேடியபோது, ஓடும் நிலையில் கொத்தாக இருந்தவை இந்தியாவில் மட்டும்தான். அரிசோனாவின் பிமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று 1969-ல் பறந்தே போனது. பிரிட்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்றை 1974-ல் கொடுத்தோம். கனடா ஒன்றை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு லைசாண்டர் விமானத்தைத் தந்தது. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் லைசாண்டர் அதுதான். பாலத்திலும் ஒரு லிபரேட்டர் இருக்கிறது, ஆனால் திறந்தவெளியில். இன்னும் இரண்டு அமெரிக்கத் தனியார் கைகளுக்குப் போயின.

ஒரு விமானத்தை "பாதுகாப்பது" என்றால் எதைப் பாதுகாப்பது? இந்தத் துறையில் ஓயாத வழக்கு இதுதான்.

உலோகத்திலிருந்து தொடங்கலாம். விமானத்தின் உடல் அலுமினியக் கலவைத் தகடு. லிபரேட்டரில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகள். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. தகடும் தகடும் சேரும் இடுக்கில் ஈரம் தங்கினால் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஏடு ஏடாகப் பிரியும். எஃகுப் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகி அலுமினியத்தைத் தின்றுவிடும். சில சக்கரக் குடங்களும் எஞ்சின் உறைகளும் மக்னீசியக் கலவை. அவை இன்னும் வேகமாகப் போகும். டயர்கள் எடை தாங்காமல் வெடிக்காதிருக்க விமானத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். பழைய முள் கருவிகளில் இரவில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். அதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஆக, அருங்காட்சியகக்காரர் முதலில் கேட்பது கூரையைத்தான். பெயிண்ட் அதற்குப் பிறகு.

ஆனால் வழக்கு வெடிப்பது பெயிண்டில். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 'ஃபிளாக்-பெய்ட்' என்ற பி-26 மராடர் விமானம் இருக்கிறது. ஐரோப்பாவில் 200-க்கும் மேற்பட்ட முறை குண்டுவீசப் போய்த் திரும்பியது. உடம்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளைகளை ஒட்டுப்போட்டு அடைத்திருக்கிறார்கள். அதைப் புதிதுபோல் ஆக்க முடியும். ஸ்மித்சோனியன் அப்படிச் செய்யவில்லை. உரிந்த வண்ணத்தை உரிந்தபடி நிலைநிறுத்தி, அழுக்கை மட்டும் எடுப்பது என்று முடிவுசெய்தது. ஒட்டுகளும் கீறல்களுமே அந்த விமானத்தின் ஆவணம். மேலே புதுப் பூச்சு அடித்தால் அது அழிந்துவிடும்.

நம் கான்பூர் விமானங்களுக்கு நடந்தது நேரெதிர். தனியார் கைக்குப் போன இரண்டில் ஒன்றை மாசசூசெட்ஸின் காலிங்ஸ் அறக்கட்டளை 1984-ல் வாங்கி, முழுதாகப் பிரித்துக் கோத்து, 1989-ல் பறக்கவிட்டது. வேலை அபாரம், சந்தேகமில்லை. ஆனால் அதன்மேல் எழுதிய பெயர் 'ஆல் அமெரிக்கன்'. பிறகு 'டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்', அதன்பின் 'விட்ச்கிராஃப்ட்'. மூன்றும் வேறு அமெரிக்க லிபரேட்டர்களின் பெயர்கள். அந்த விமானத்தின் சொந்த வாழ்க்கையோ பிரிட்டிஷ் படையிலும், மிகப் பெரும்பகுதி இந்தியப் படையிலும் கழிந்தது. பிமாவில் இருப்பதன் பெயர் 'பங்கே பக்கரூ', இங்கிலாந்தின் பங்கே நகரிலிருந்து பறந்த அமெரிக்கக் குழுவின் நினைவாக. பிரிட்டனில் இருப்பது பிரிட்டிஷ் 99-ஆம் ஸ்குவாட்ரன் அடையாளத்தில் நிற்கிறது. அது அந்த விமானம் உண்மையிலேயே இருந்த படை என்பதால் அங்கே குறைசொல்ல இடமில்லை.

அமெரிக்க முன்னாள் வீரர்கள் தங்கள் படைப்பிரிவின் பெயரைத் தொட்டுப் பார்த்து அழுதிருக்கலாம். அந்த உரிமையை யாரும் மறுக்க வேண்டாம். ஒரு விமானத்தின் அடையாளத்தை இன்னொன்றின்மேல் எழுதும் வேலையை நாமும் செய்திருக்கிறோம். 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகரில் சீக்கியப் படைப்பிரிவை இறக்கிய டகோட்டா போக்குவரத்து விமானத்தின் எண் வி.பி. 905. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் அயர்லாந்தில் கிடந்த வேறொரு டகோட்டாவை வாங்கிச் சீர்படுத்தி விமானப்படைக்கு அன்பளிப்பாகத் தந்தார்; 2018-ல் இந்தியாவுக்குப் பறந்து வந்த அதற்கு 'பரசுராமா' என்று பெயர். அதன் வாலிலும் வி.பி. 905 என்றே எழுதியிருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு "இது வேடம்" என்று ஒரு பலகை சொல்லிவிட்டால் போதும். பல இடங்களில் அந்தப் பலகைதான் இல்லை.

அடுத்தது, பறக்கவிடலாமா என்ற கேள்வி. ஆர்வலர்கள் இதில் இரண்டு கட்சி. எஞ்சின் ஓடாத விமானம் பிணம் என்பார் ஒருவர். விழுந்தால் திரும்ப வராது என்பார் இன்னொருவர். 2019 அக்டோபர் 2-ல் கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்து 7 பேர் இறந்தனர். பராமரிப்புக் குறைபாட்டை விசாரணை சுட்டிக்காட்டியது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் அனுமதியை அரசு பறித்தது. 2022 நவம்பரில் டாலஸ் கண்காட்சியில் இன்னொரு பி-17 மீது சிறு போர் விமானம் ஒன்று வானில் மோதியதில் 6 பேர். உயிரும் போயிற்று, கிடைத்தற்கரிய விமானங்களும் போயின. டகோட்டா ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு இன்னும் ஏராளமாக மிஞ்சியிருப்பது, அது பறக்கட்டும். உலகில் இருபதுகூட இல்லாத ஒன்றைப் பறக்கவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்தக் கதை தமிழ்நாட்டைத் தொடும் இடம் அரக்கோணம். லிபரேட்டரைக் கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்திய விமானப்படையின் ஆறாம் ஸ்குவாட்ரனுக்கு ஏர் இந்தியாவின் பழைய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களும் வந்தன. 1976-ல் அந்தப் பொறுப்பு கடற்படைக்கு மாறியபோது அவையும் கூடவே போய், கடற்படையின் 312-ஆம் ஸ்குவாட்ரன் பிறந்தது. அவற்றில் ஒன்று, பயணிகள் விமானமாக 'ஜான்சி ராணி' என்று பறந்தது, இன்று கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே 312-ஆம் ஸ்குவாட்ரன் 1988-ல் சோவியத் ஒன்றியத்தின் டியூ-142 விமானங்களைப் பெற்று, 1992 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறந்தது. எட்டு விமானங்கள், 29 ஆண்டுகள், ஒரு விபத்துகூட இல்லை. 2017 மார்ச் 29-ல் விடைபெற்றன.

அவற்றில் ஒன்றைப் பிரித்து, சாலை வழியே கொண்டுபோய், விசாகப்பட்டினம் கடற்கரையில் மீண்டும் கோத்து 2017 டிசம்பரில் அருங்காட்சியகமாக்கினார்கள். உள்ளே ஏறிப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் உப்புக்காற்று வீசும் கடலோரம், மேலே கூரை கிடையாது. அலுமினியத்துக்கு இதைவிட மோசமான இடம் அமைவது கடினம்.

கூரை அரசு செய்ய வேண்டிய வேலை. நம்மால் ஆவது ஒன்று உண்டு. லிபரேட்டர்களின் இந்தியக் காலம் மங்கிப் போனதற்குப் பெயிண்ட் மட்டும் காரணமில்லை. அவற்றைப் பழுதுபார்த்தவர்களின் குறிப்புகளும் படங்களும் திரட்டப்படாமல் போனதும்தான். அரக்கோணத்தில் டியூ-142-இல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் இருக்கும் புகைப்படங்களின் பின்னால் தேதியையும் விமான எண்ணையும் எழுதி வாங்கி வையுங்கள்.