பத்து மணிக்குப் படுத்தா ஒரு மணிக்குத்தான் தூக்கம்: ஏ.டி.எச்.டி-யும் தீராத அசதியும்

இன்னைக்கு தூக்கத்தைப் பத்திப் பேசலாம். அதாவது, பத்து மணிக்கே லைட்டை அணைச்சுட்டு ஒரு மணி வரைக்கும் ஃபேனையே பார்த்துட்டு இருக்கிற தூக்கம்.

எனக்கு ஏ.டி.எச்.டி இருக்கு. வீட்ல எனக்கு ராத்திரி ஒரு பேரு, காலைல ஒரு பேரு. ராத்திரி 'ஆந்தை', காலைல 'சோம்பேறி'. இது ரெண்டும் ஒரே விஷயம்தான்னு இப்போ என்னால சொல்ல முடியும்.

நம்ம மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. இருட்டினதுக்கு அப்புறம், வழக்கமா தூங்குற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, அது மெலட்டோனின்ங்கிற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். 'ராத்திரி ஆயிடுச்சு'னு உடம்புக்குக் கொடுக்கிற அறிவிப்பு அது. ஏ.டி.எச்.டி இருந்து, படுத்ததும் தூக்கம் வராத பெரியவங்களுக்கு இந்த அறிவிப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல தாமதமா வருதுன்னு நெதர்லாந்துல மனநல மருத்துவர் சாண்ட்ரா கோய் குழுவோட ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனால நம்மகிட்ட 'பத்து மணிக்குத் தூங்கு'ன்னு சொல்றது, மத்தவங்களை எட்டரைக்குத் தூங்கச் சொல்ற மாதிரி. காலைல ஆறு மணி அலாரமும் அப்படித்தான். நம்ம உடம்புக்கு அது இன்னும் விடியல.

ஒரு சின்ன தகவல். 1980-ல வந்த டி.எஸ்.எம்-3, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்துற கையேடு, தூக்கத்துல அதிகமா புரள்றதையும் ஒரு அறிகுறியா சேர்த்திருந்தது. 1987-ல திருத்தினப்போ அது பட்டியல்ல இருந்து போயிடுச்சு. பகல்ல நடக்கிறதை மட்டும் கேட்டுட்டு ராத்திரியை விட்டுடுற டாக்டர்கள் இன்னைக்கும் இருக்காங்க.

சரி, பகல் அசதிக்கு வருவோம். மீட்டிங்ல காது கொடுத்துக் கேட்கிறது, சாவியை எங்க வெச்சோம்னு ஞாபகம் வெச்சுக்கிறது, பேசுறவங்களைக் குறுக்கே வெட்டாம இருக்கிறது. மத்தவங்களுக்கு இதெல்லாம் தன்னால நடக்கும். நாம ஒவ்வொண்ணையும் பிடிச்சு இழுத்துச் செய்றோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆள் காலி. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வரும். வீடு அடங்கிடுச்சு, யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க, முழு நாள்ல அந்த நேரம்தான் நம்மளோடது. அதை விட்டுட்டுப் படுன்னா எப்படி மனசு வரும்? இதுல ஒழுக்கம் பத்தின பிரசங்கம் உதவாதுங்கிறது என் கருத்து. சாயங்காலம் அரை மணி நேரமாவது யாருக்கும் பதில் சொல்லாத நேரம் கிடைச்சா, ராத்திரியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்ல.

கடிகாரத்தை நகர்த்தணும்னா காலைல இருந்து ஆரம்பிக்கணும். படுக்கிற நேரத்தை நம்மளால கட்டாயப்படுத்த முடியாது, எழுந்திருக்கிற நேரத்தை முடியும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய் இருபது, முப்பது நிமிஷம் இருங்க. ரூம் லைட் பொதுவா சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடின நாள்லயும் வெளிய ஆயிரக்கணக்குல இருக்கும். மூளைக்குப் புரியுற மொழி அந்த வெளிச்சம். ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் தூங்கினா, வாரம் முழுக்க நகர்த்தினது பழைய இடத்துக்கே திரும்பிடும். வேலையில மதிய ஷிஃப்ட் கிடைக்கும்னா, கூச்சப்படாம கேளுங்க. எல்லாரும் ஓடுற ஷிஃப்ட் சிலருக்கு வரப்பிரசாதம்.

காபி: அதுல இருக்கிற கஃபீன் பாதியா குறைய சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும். அஞ்சு மணி ஃபில்டர் காபி பத்து மணிக்கும் பாதி உள்ள இருக்கு. மதியத்தோட நிறுத்துறது நல்லது.

படுத்ததும் மூளை வேலை தேடுதா? வெறும் இருட்டுல அது சும்மா இருக்காது. மனப்பாடமா தெரிஞ்ச வடிவேலு காமெடியை ஸ்கிரீனை அணைச்சுட்டு மெதுவா ஓட விடுங்க. அடுத்து என்னன்னு தெரிஞ்சதாலயே அது முழிக்க வைக்காது.

மாத்திரை எடுக்கிறவங்க, எத்தனை மணிக்குப் போட்டீங்க, எத்தனை மணிக்குத் தூங்கினீங்கன்னு ரெண்டு வாரம் எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. மெத்தில்ஃபெனிடேட்டை லேட்டா போட்டா சிலருக்குத் தூக்கம் போகும். சிலருக்கோ மருந்து இறங்கும்போது வர்ற படபடப்புதான் தூங்க விடாது. ரெண்டுக்கும் தீர்வு வேற வேற. நீங்களா நிறுத்தாதீங்க.

கடைசியா ஒண்ணு. படுத்ததும் கால்ல குறுகுறுன்னு இருந்து, ஆட்டினாத்தான் சரியாகுதுன்னா, இரும்புச்சத்தைப் பாருங்க. ஏ.டி.எச்.டி உள்ளவங்ககிட்ட இந்தக் கால் பிரச்சினை மத்தவங்களை விட அதிகம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவுல 15-ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் உள்ள இருப்பு காலியா இருக்கலாம். அதனால டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் டெஸ்ட்டையும் சேர்த்தே கேளுங்க.