ஆட்டக்காரர் ஆசானான கதை



பொன்முடி மலையடிவாரத்தில், நான் வசிக்கும் கல்லாற்றிலும் நம் பிள்ளைகள் சதுரங்கம் ஆடுகிறார்கள். போட்டி என்றால் விதுரை, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் போக வேண்டும். தந்தைக்கு ஒரு நாள் கூலி போகும். "பதினொரு வயதாகிவிட்டது. இனிப் பணம் கட்டிப் பயிற்சிக்கு அனுப்பலாமா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சென்னை ஆர்.பி. ரமேஷைப் பற்றிச் சொல்வேன்.

1976-இல் பிறந்த ரமேஷ், விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதைக் கண்டு, ஏறக்குறைய பன்னிரண்டு வயதில்தான் ஆட்டத்துக்கு வந்தார். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார். மறு ஆண்டே கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்குத் தரப்புள்ளி 2500-ஐ எட்ட வேண்டும். வலுவான போட்டிகளில் வழக்கமாக மூன்று முறையாவது கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடிக் காட்டவும் வேண்டும்.

2007-இல் காமன்வெல்த் பட்டமும் வென்றவர், அடுத்த ஆண்டே போட்டிகளிலிருந்து ஒதுங்கிப் பயிற்சியில் இறங்கினார். 1999-இல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் வென்ற அவர் மனைவி ஆர்த்தி ராமசாமியும் சேர, சென்னையில் 'செஸ் குருகுல்' உருவானது.

அவர் வலியுறுத்துவது கணக்கிடும் பயிற்சி. காயைத் தொடாமல், நான் இப்படி ஆடினால் அவன் எப்படி ஆடுவான் என்று பல நகர்வுகளை மனத்திலேயே ஓட்டிப் பார்ப்பது. விடையை ஆசிரியர் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அந்த விடை மட்டுமே மிஞ்சும். அடுத்த ஆட்டத்தில் பலகையில் வேறு நிலை அல்லவா வரும்!

பலன் உலகறிந்தது. 2014-இல் திரோம்சோ ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்கு அவரே பயிற்சியாளர். அவர் மாணவர் பிரக்ஞானந்தா 2018-இல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023-இல் உலகக் கோப்பை இறுதிவரை சென்று கார்ல்சனிடம் தோற்றார். அக்காள் வைஷாலியும் அவரிடம் பயின்றவரே. 2023-ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியார் விருது ரமேஷுக்குக் கிடைத்தது.

எல்லாப் பிள்ளைகளும் கிராண்ட்மாஸ்டர் ஆகப்போவதில்லை. ஆனால் பதினொரு வயது, கற்கத் தொடங்கத் தாமதமன்று. பணம் கட்டுமுன் ஒரு நாள் வகுப்பில் போய் உட்காருங்கள். அங்கே யோசிப்பது பிள்ளையா, ஆசிரியரா என்று பாருங்கள். பிள்ளை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.