எல்லா மூட்டுவலியும் வேலையால் வந்ததல்ல

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் விரல் வலிக்கிறதா என்று கேட்டால், வலிக்காத விரல் எது என்பார்கள். மடியில் சுளவு, இலையை அளவாக நறுக்கி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி நூலைச் சுற்ற வேண்டும். இதையே நாளுக்கு நூற்றுக்கணக்கில், கை ஓடினால் ஆயிரம் வரை செய்கிறார்கள். பிசானப் பருவ நெல் நடவுக்குக் குனிகிறவரின் இடுப்புக்கும், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவரின் முழங்காலுக்கும் இதே பதில்தான். உழைப்பு வலி தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வலிக்கும் வேலையே காரணம் என்று இருந்துவிடுவதால், அதன் மறைவில் முடக்குவாதம் மாதக்கணக்கில் மூட்டை அரிக்கிறது. ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்களுக்கு வரும் நோய் இது.

இரண்டையும் பிரித்தறிய முதலில் வேண்டியது ஸ்கேன் அல்ல, ஒரு கேள்வி: ஓய்வெடுத்தால் வலி குறைகிறதா, கூடுகிறதா? வேலையால் வரும் தேய்மான வலி, உழைக்க உழைக்க ஏறி, உட்கார்ந்தால் இறங்கும். காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் நேர்மாறு. இரவெல்லாம் ஓய்ந்த கை விடிகாலையில் மடங்காது. செம்பைப் பிடிக்கவோ சேலைக் கொசுவத்தைச் செருகவோ ஒரு மணி நேரம் ஆகும். தேய்மானம் விரலின் நுனிக் கணுவிலும் கட்டைவிரல் அடியிலும் முடிச்சிடும். முடக்குவாதமோ விரலடி முட்டிகளிலும் நடுக்கணுக்களிலும், பெரும்பாலும் இரு கைகளிலும் ஒன்றுபோல மெத்தென்று வீங்கும். வேலையில் இரு கைகளுக்கும் பங்கு ஒன்றல்லவே! இளவயது ஆணுக்கு விடிகாலையில் இடுப்பு விறைத்து, நடமாடினால் சரியானால் அது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். 2006இல் நாடு முழுக்கப் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிக்குன்குனியா தாக்கியதாகக் கணக்கில் வந்தார்கள்; காய்ச்சல் போன பிறகும் பலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நின்றது. எனவே மருத்துவர் காய்ச்சலைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை ஒன்றே போதாதா என்று கேட்கலாம். போதாது. முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ஆரோக்கியமானவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இருக்கக்கூடும். முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது தென்படாது. யூரிக் அமிலம் கூடியிருந்த மாத்திரத்தில் கீல்வாதம் என்று சொல்லிவிடவும் முடியாது. தாளைப் பார்த்து வைத்தியம் செய்வதைவிடக் கையைத் தொட்டுப் பார்த்துச் செய்வது மேல்.

‘வாதத்துக்குச் சித்த மருத்துவம் இருக்கிறதே’ என்பது இந்தப் பக்கத்தில் எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தைலமும் ஒத்தடமும் பலருக்கு இதம் தருகின்றன. ஆனால் வலி தணிவது வேறு, எலும்பு அரிப்பு நிற்பது வேறு. முதல் சில மாதங்களில் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடங்கினால்தான் மூட்டைக் காக்கும் வாய்ப்பு அதிகம். கோணிய விரலை எந்த மருந்தும் நிமிர்த்தாது. இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்ற பயத்திலும் பாதி நியாயம் உண்டு. ஆனால் அதிகம் கெடுப்பது, சீட்டில்லாமல் வருஷக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைதான். பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டே நாளில் எழுந்து நடக்கலாம்; பிறகு சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஸ்டீராய்டைக் குறை சொல்லவில்லை, 1950இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. அளவும் கண்காணிப்பும் இல்லாமல் கொடுப்பதுதான் குற்றம்.

ஒருநாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். கைவீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரம் தாண்டினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தால் அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.