சம்பளம் கோடியில், வளர்ப்புக் கூலி?

ஐதராபாத் உப்பல் மைதானம்தான் சன்ரைசர்ஸ் அணிக்குத் தாய்வீடு. சென்னையின் சன் குழுமத்துக்குச் சொந்தமான இந்த அணி 2024 அக்டோபரில் ஐந்தே வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ள ரூ. 75 கோடியை ஒதுக்கியது. கிளாசனுக்கு 23, கம்மின்ஸுக்கு 18, ஹெட், அபிஷேக் சர்மா இருவருக்கும் தலா 14, நிதிஷ்குமார் ரெட்டிக்கு 6. மொத்த அணிக்கும் அனுமதிக்கப்பட்ட தொகையே ரூ. 120 கோடிதான்.

இத்தனையும் சம்பளம். ஐ.பி.எல். ஏலத்தில் கேட்கப்படும் விலை பொதுவாக வீரருக்கே. அவரை உருவாக்கியவர்களுக்கு அதில் பங்கில்லை.

கால்பந்தில் கணக்கு வேறு. ஒப்பந்தம் முடியாத வீரரை வாங்கும் கிளப், சம்பளம் தவிர பழைய கிளப்புக்கும் விலை கொடுக்க வேண்டும். நாடு விட்டு நாடு போனால், அந்த விலையில் 5 சதவீதம் வரை 12 முதல் 23 வயதுக்குள் அவருக்குப் பயிற்சி தந்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. சின்ன கிளப்புகள் சிறுவர்களைத் தேடிப் பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் விலை கிடையாது என்று 1995-ல் பாஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐ.பி.எல்.லிலோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் ஏலம் வந்து, தக்கவைக்கப்படாத எல்லோருடைய ஒப்பந்தத்தையும் முடித்துவிடுகிறது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனைப் பாருங்கள். 2018-ல் சன்ரைசர்ஸ் அவரை ரூ. 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு சீசன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020-ல் வாய்ப்புக் கிடைத்ததும் யார்க்கர்களால் அசத்தி, அந்த ஆண்டே இந்திய அணிக்குள் நுழைந்தார். 2022-ல் தான் வளர்த்த வீரரையே ரூ. 4 கோடிக்கு ஏலம் கேட்டு எடுத்தது சன்ரைசர்ஸ். 2024 நவம்பரில் டெல்லி ரூ. 10.75 கோடிக்குக் கொண்டுபோனது. உப்பலுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

காத்திருந்து வளர்ப்பதைவிட, தயாரான நட்சத்திரத்தை வாங்குவதே லாபம் என்று அணிகள் நினைத்தால் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. விதி அப்படி.

சின்னப்பம்பட்டிக்கும் இந்த ஏலங்களிலிருந்து பங்கு எதுவும் வரவில்லை. 2023-ல் அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. அதை அமைத்தது எந்த அணியும் அல்ல, நடராஜன்தான்.