முதல் முறை பிடிபட்ட பிறகு: சட்டம் விதிப்பதும் விதிக்காததும்

மது அருந்தி வாகனம் ஓட்டிய குற்றத்திற்கு முதன்முறையாக ஆளாகும் ஒருவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்து, மது விழிப்புணர்வு வகுப்புக்கும் அனுப்பும் முறை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்டு. கலிபோர்னியாவில் முதல் குற்றவாளிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை கண்காணிப்புக் காலமும், பொதுவாக மூன்று மாதங்களில் 30 மணி நேர வகுப்பும் விதிக்கப்படுகின்றன. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமோ வேறு வழியில் செல்கிறது. அபராதம், சிறை, வாகனமோட்டும் தகுதி பறிப்பு ஆகிய மூன்றையும் கடுமையாக்கிய அச்சட்டம், குற்றவாளி குடியிலிருந்து எப்படி மீள வேண்டும் என்பதை அவர் பொறுப்பிலேயே விட்டிருக்கிறது. கேரி தீவு போன்ற தோட்டப் பகுதியில் இந்த வேறுபாட்டின் சுமை கூடுதலாகவே உணரப்படும்.

அளவும் தண்டனையும்

2020ஆம் ஆண்டில் அடுத்தடுத்து நிகழ்ந்த உயிர்ப்பலி விபத்துகள் பொதுமக்களிடையே சினத்தை எழுப்பியதைத் தொடர்ந்து சட்டம் திருத்தப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 23 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 22 மைக்ரோகிராம், அதே அளவு இரத்தத்தில் 50 மில்லிகிராம், சிறுநீரில் 67 மில்லிகிராம் என்பதே ஆல்கஹாலுக்கான உச்ச வரம்பு. திருத்தத்திற்கு முன் இவை முறையே 35, 80, 107 ஆக இருந்தன. சாலையோரத்தில் போலீசார் ஊதச் சொல்லும் கருவி முதற்கட்டச் சோதனைக்கு உரியது; அதில் வரம்பு மீறியது தெரிந்தால், நிலையத்திலோ மருத்துவமனையிலோ சான்றாக ஏற்கத்தக்க மூச்சு, இரத்த அல்லது சிறுநீர் மாதிரி பெறப்படும். தக்க காரணமின்றி மாதிரி தர மறுப்பதும் குற்றமே என்பதால், மறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற எண்ணம் தவறானது.

உயிரிழப்போ காயமோ நேராத நிலையில், வரம்பு மீறி ஓட்டியதற்குப் பொருந்துவது 45ஏ பிரிவு. முதல் குற்றத்திற்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதத்தையும், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறையையும், குறைந்தது இரண்டு ஆண்டு வாகனமோட்டத் தகுதியின்மையையும் அது வகுக்கிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உள்ள நாட்டில், மிகக் குறைந்த அபராதமே ஏறக்குறைய ஆறு மாத உழைப்புக்குச் சமம். இச்சட்டம் காருக்கு மட்டுமன்றி மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

நீதிமன்றத்தில்

கைது செய்யப்பட்டவரை மாஜிஸ்திரேட்டின் அனுமதியின்றி 24 மணி நேரத்திற்கு மேல் காவலில் வைக்க இயலாது. வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் செலுத்த இயலாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம், கைது நிலையிலிருந்தே உதவி வழங்குகிறது. சுருக்கமாக முடித்துவிடலாம் என்று குற்றத்தை உடனே ஒப்புக்கொள்ளுமுன், மாதிரி எடுக்கப்பட்ட முறை சரியா என்பதையும், ஒப்புக்கொண்டபின் தண்டனைக் குறைப்புக்கு எவற்றை எடுத்துரைக்கலாம் என்பதையும் வழக்கறிஞரிடம் கேட்டறிவது நலம். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்புவோர் 14 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

முதல் குற்றவாளியை நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆம் பிரிவு நீதிமன்றத்திற்குப் பொதுவான அதிகாரம் அளிக்கிறது. நன்னடத்தைப் பிணை என்பது, குறித்த காலத்திற்கு ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதிக்கொடுத்து, மீறினால் தண்டனைக்கு உட்படச் சம்மதிப்பதாகும். 1954ஆம் ஆண்டுக் கட்டாய வருகைச் சட்டமோ, குறுகிய காலச் சிறைக்கு மாற்றாக, மூன்று மாதத்திற்கு மேற்படாமல் நாளுக்கு நான்கு மணி நேரம் வரை சிறைத்துறையின் மேற்பார்வையில் வேலை செய்ய வைக்கிறது. எனினும் 45ஏ பிரிவு குறைந்தபட்ச அபராதத்தையும் தகுதியின்மையையும் திட்டமாக வரையறுத்திருப்பதால், இச்சலுகைகளை உரிமையாகக் கருதி எதிர்பார்த்திருப்பது தகாது.

இரண்டு ஆண்டுகள்

லாங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த கேரி தீவில் ரயில் நிலையம் இல்லை. வேலை, மருத்துவம், நீதிமன்றம் என எதற்கும் பாலத்தைக் கடந்து தெலுக் பங்லிமா காராங், பந்திங், கிள்ளான் என்று செல்ல வேண்டியுள்ளது. ஆகவே உரிமம் இழப்பதென்பது இங்குப் பிழைப்பையே தொடும் இழப்பு. லோரி ஓட்டுநருக்கு அது வேலையிழப்பாகவே முடியலாம். அதனால்தான் பலருக்கும், பார்ப்பார் இல்லாத தோட்டச் சாலையில் சற்றுத் தொலைவு ஓட்டிவிட்டு வரலாம் என்ற ஆசை எழுகிறது. தகுதி நீக்கப்பட்ட காலத்தில் ஓட்டுவது தனிக் குற்றம் என்பதோடு, அப்போது விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பாதுகாப்பும் கைவிட்டுப் போகக்கூடும்.

காலம் முடிந்தவுடன் உரிமம் தானாகத் திரும்பிவிடுவதுமில்லை. ஓராண்டுக்கு மேல் தகுதியிழந்தவர் மீண்டும் தேர்வெழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். புதிதாக உரிமம் பெறுவோர் எழுதும் கணினித் தேர்வில் 50 கேள்விகளில் 42க்குச் சரியான விடையளிக்க வேண்டும். மலேசியாவில் மதுக் குற்றவாளிக்கு நேரும் 'வகுப்பு' என்பது ஏறத்தாழ இவ்வளவுதான். சாலை விதிகளை நினைவூட்டும் அது, குடிப்பழக்கத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

அந்தக் குறையை நிறைவு செய்யும் கடமை குற்றவாளிக்கும் குடும்பத்திற்கும் உரியது. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட வினாத்தாள் மூலம், குடிப்பழக்கம் எந்த நிலையில் உள்ளது என்பதை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கண்டறியலாம். தேவையெனில் ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் வழிபெறலாம். குடியின் கெடுதி தோட்டங்களுக்குப் புதிதன்று. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலத்தில் குடித்தவர் நடந்தே வீடு திரும்பினார். கெடுதி பெரும்பாலும் வீட்டோடு நின்றது. அந்தக் கெடுதியை ஒழிக்கவே 1947இல் கெடா மாநிலத்தின் பெடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டனர். மோட்டார் சைக்கிள் வந்தபின் அதே கெடுதி, சாலையில் செல்லும் முன்பின் அறியாதவரையும் எட்டுகிறது.

இரண்டாம் முறை பிடிபட்டால் அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்குகிறது. சிறை ஐந்து ஆண்டு வரை நீளலாம். உயிர்ப்பலி நேர்ந்தாலோ, முதல் குற்றமே ஆனாலும், பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், உரிமம் இழந்த அந்த இரண்டு ஆண்டுகளைத் தாமே விதித்துக்கொண்ட நன்னடத்தைக் காலமாகக் கொள்வோரே அதற்குப் பிறகு வண்டிச் சாவியைக் கையில் எடுக்கத் தகுதியுடையோர்.