நூதனசாலையில் நைலோன்

நூதனசாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் மனத்திலே தோன்றுவன கற்சிலைகளும் செப்பேடுகளும் அரசர் ஏந்திய வாளும் வேலுமேயாம். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த ஓர் உடைந்த பானையோட்டுக்கும் அங்கே மதிப்புண்டு. ஆயின், ஒரு பற்தூரிகைக்கும், ஒரு சோடி மேசுக்கும், ஒரு சீப்புக்கும், மீன்பிடி வலையின் ஒரு துண்டுக்கும் அங்கே என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். அவை நேற்றுவரை வீட்டின் மூலையிலே கிடந்தவை. தேய்ந்ததும் குப்பையில் எறியப்பட்டவை. எனினும், மேலைநாடுகளில் உள்ளூர் நூதனசாலைகள் பலவற்றில் இத்தகைய பொருள்கள் இன்று கண்ணாடிப் பேழைக்குள் இடம் பெற்றிருக்கின்றன. அவற்றுட் பலவற்றை ஒரே குடும்பமாக இணைத்து வைப்பது நைலோன் என்னும் செயற்கை இழையாகும்.

அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்திலே, நான்டிகோக் ஆற்றங்கரையில் சீபோர்ட் என்றொரு சிற்றூர் உண்டு. உலகின் முதலாவது நைலோன் தொழிற்சாலை 1939ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உற்பத்தியைத் தொடங்கியது அவ்வூரிலேதான். கமத்தொழிலை நம்பியிருந்த அவ்வூர், அன்றுதொட்டுத் தன்னை ‘உலகின் நைலோன் தலைநகர்’ எனப் பெருமையோடு அழைத்துக்கொண்டது. முன்னொரு காலத்தில் தபாற்கந்தோராக இருந்த கட்டடத்திலே அவ்வூரவர் அமைத்துள்ள சிறிய நூதனசாலையில் நைலோனின் வரலாற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அதே மாநிலத்தில் வில்மிங்டன் நகருக்கு அருகே ஹேக்லி நூதனசாலை இருக்கின்றது. நைலோனை ஆக்கிய டு பொன்ட் கம்பனி 1802ஆம் ஆண்டில் வெடிமருந்து ஆலையாகத் தோன்றிய ஆற்றங்கரையிலேயே அது நிற்கின்றது. இங்கிலாந்தின் போண்மத் நகரிலோ, கலைப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்து, பிளாத்திக்குப் பொருள்களுக்கென்றே ஒரு நூதனசாலை நடைபெறுகின்றது. சீப்பும் கரண்டியும் தூரிகையும் அங்கே சிற்பங்களுக்குரிய மரியாதையுடன் பேணப்படுகின்றன.

இப்பொருள்களின் பெருமையை அறிய வேண்டுமாயின், நைலோன் பிறந்த கதையை முதலில் அறிதல் வேண்டும். மெல்லிய துகிலைப் பாம்பின் சட்டைக்கும் எழுகின்ற ஆவிக்கும் ஒப்பிட்டனர் பழந்தமிழ்ப் புலவர். அத்தகைய நுண்ணிய நூலைப் பருத்திச் செடியும் பட்டுப்பூச்சியுமே அக்காலத்தில் மனிதனுக்கு அளித்தன. பூச்சி செய்யும் அவ்வேலையை ஆய்வுகூடத்தில் மனிதன் செய்ய முடியாதா என்ற வினாவை எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் வொலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர். 1928ஆம் ஆண்டில் டு பொன்ட் கம்பனியிற் சேர்ந்த இவர், சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாக்கும் முறையை ஆராய்ந்தார். அச்சங்கிலிகளையே பல்பகுதியம் என்பர். 1930ஆம் ஆண்டில் அவருடன் பணியாற்றிய யூலியன் ஹில் என்பவர், இத்தகைய ஒரு பொருளைக் கண்ணாடிக் கோலின் நுனியால் தொட்டு இழுத்தபோது அது நூலாக நீண்டது. ஆறிய பின்னரும் இழுக்க இழுக்க நீண்டு, முன்னையினும் வலிமை பெற்றது. ஆயினும் அந்த நூல் குறைந்த வெப்பத்திலேயே உருகியபடியால் ஆடைக்கு ஏற்றதாகவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, வேண்டிய பொருள் கிடைத்தது. ஆறு காபன் அணுக்களையுடைய ஓர் அமிலத்தையும், ஆறு காபன் அணுக்களையுடைய ஓர் அமீனையும் சேர்த்து வெப்பமேற்ற, இரண்டும் கைகோத்து நின்றன. ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு பிரிந்து சென்றது. ஆறும் ஆறும் சேர்ந்தமையால் அதனை ‘நைலோன் 6,6’ என்று அறிஞர் குறிப்பிடுவர். அதனை உருக்கி நுண்துளைகளினூடாகத் தள்ளி, வெளிவரும் இழையை ஏறக்குறைய நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்தால், ஒழுங்கின்றிக் கிடந்த சங்கிலிகள் யாவும் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. வடம் முறுக்குவோன் கலைந்து கிடக்கும் தும்பை நீவி நேராக்குவது போன்றது இச்செயல். நைலோனின் வலிமைக்குக் காரணம் இந்த அணிவகுப்பேயாம்.

நியூயோர்க், லண்டன் என்னும் இரு நகர்ப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து இதற்குப் பெயரிட்டனர் எனப் பலர் சொல்வதுண்டு. அது வெறுங் கதை. இழை அறுந்து ஓடாதது என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லொன்றைக் கம்பனியார் முதலில் எண்ணினர். பின் அச்சொல்லின் எழுத்துக்களைப் பலவாறு மாற்றி மாற்றி, ஈற்றில் நைலோன் என்பதிலே வந்து நின்றனர். இப்பெயர் உலகெங்கும் ஒலித்ததைக் கேட்கக் கரோதர்ஸ் உயிரோடிருக்கவில்லை. நெடுங்காலம் மனச்சோர்வினால் வருந்திய அவ்வறிஞர், 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் திகதி, தமது 41ஆவது வயதிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாம் படைத்த பொருளாற் செய்த ஒரு பண்டமேனும் கடையில் விற்கப்பட்டதை அவர் கண்டிலர்.

முதலில் விற்கப்பட்ட பண்டம் யாது? பெரும்பாலோர் பெண்களின் மேசு என்றே விடையிறுப்பர். உண்மையில் அது பற்தூரிகையாகும். 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி நைலோன் தும்பு பதித்த பற்தூரிகை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பற்தூரிகைக்குப் பன்றிமயிரையே பயன்படுத்தினர். அதன் பெரும்பகுதி சீனாவிலிருந்து சென்றது. அம்மயிர் ஈரத்தை உறிஞ்சி எளிதில் உலராது. உதிர்ந்து வாயிலும் அகப்படும். நைலோன் தும்பு அக்குறைகளை நீக்கிற்று. ஆயினும், தொடக்கத்தில் அது மிகவும் விறைப்பாக இருந்து முரசைப் புண்படுத்தியது. 1950ஆம் ஆண்டளவிலேயே மென்மையான தும்பு வந்தது. பேழைக்குள் இருக்கும் ஒரு பழைய பற்தூரிகை இத்தனையையும் சொல்ல வல்லது.

அடுத்தது மேசு. அக்காலத்தில் அமெரிக்கப் பெண்கள் அணிந்த மெல்லிய மேசுகள் பட்டினால் ஆனவை. அப்பட்டின் பெரும்பகுதி யப்பானிலிருந்து வந்தது. 1937ஆம் ஆண்டில் சோதனைக்காகப் பின்னிய நைலோன் மேசு ஒன்று வாஷிங்டன் நகரின் சிமித்சோனியன் நூதனசாலையில் இருக்கின்றது. அதன் கால்பகுதி மட்டுமே நைலோன். மேல்விளிம்பும் குதியும் விரற்பகுதியும் பட்டு. புதிய பொருளை முழுவதும் நம்பத் துணியாத மனநிலையை அந்த ஒரு மேசிலே காணலாம். 1939ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி வில்மிங்டன் நகரில் மட்டும் 4,000 சோடிகள் விற்பனைக்கு வைக்கப்பட, அவை சில மணி நேரத்தில் முடிந்தன. 1940ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி நாடெங்கும் விற்பனை தொடங்கிற்று; முதலாண்டில் மட்டும் ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் சோடிகள் விற்றன.

பின்னர் யுத்தம் வந்தது. 1942ஆம் ஆண்டு தொடக்கத்தில் நைலோன் முழுவதும் படைத்தேவைக்கெனத் திருப்பப்பட்டது. பரசூட்டு, கூடாரம், கயிறு, விமானச் சில்லுகளின் உள்நூல் என அது வேறு வடிவங்கள் எடுத்தது. மேசு கிடைக்காத பெண்கள், கெண்டைக்காலின் பின்புறத்தில் மைக்கோலால் ஒரு நேர்கோடு வரைந்து, மேசின் தையல் போலத் தோன்றச் செய்தனர். யுத்தம் முடிந்து மேசு திரும்பவும் கடைக்கு வந்தபோது நெருக்கடி சொல்லுந் தரமன்று. 1946ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிற்ஸ்பேர்க் நகரில் 13,000 சோடி மேசுக்காக ஏறக்குறைய 40,000 பேர் வரிசையில் நின்றனர். சிற்றூர் நூதனசாலைகளில் உறை பிரிக்கப்படாமலே இருக்கும் மேசுகள் அந்நாளைய ஏக்கத்துக்குச் சான்றாகும்.

பரசூட்டுத் துணியாற் செய்த ஆடைகளின் கதையோ இன்னும் உருக்கமானது. பிரித்தானியாவில் 1941ஆம் ஆண்டிலிருந்து 1949ஆம் ஆண்டுவரை ஆடைகளுக்குப் பங்கீடு இருந்தது. ஆதலின், யுத்தத்தின் பின் விற்கப்பட்ட பரசூட்டுத் துணியை வாங்கிப் பெண்கள் உள்ளாடையும் குழந்தைச் சட்டையும் மணவாடையும் தைத்தனர். சிமித்சோனியனில் உள்ள மணவாடை ஒன்று குறிப்பிடத்தக்கது. 1944ஆம் ஆண்டிலே யப்பானைத் தாக்கித் திரும்பிய அமெரிக்க விமானி ஒருவர், தமது விமானம் பழுதுற்றபோது சீன நாட்டிலே பரசூட்டின் துணையால் குதித்து உயிர் தப்பினார். அன்றிரவு அதே நைலோன் துணி அவருக்குத் தலையணையாகவும் போர்வையாகவும் உதவிற்று. 1947ஆம் ஆண்டில் அத்துணியையே தாம் மணக்க விரும்பிய பெண்ணிடம் கொடுத்து, மணவாடை தைக்கும்படி கேட்டார். பிற்காலத்தில் அவர்களுடைய மகளும் மருமகளும் அதே ஆடையை அணிந்தே மணம் முடித்தனர். அத்துணி எத்தனை முழம், என்ன விலை என்று மட்டும் எழுதிவைத்தால் இக்கதை எங்கே போகும்?

நைலோன் நூலாக மட்டும் நின்றதன்று. உருக்கி அச்சில் வார்த்து, எண்ணெய் வேண்டாது ஓசையின்றிச் சுழலும் பற்சில்லுகளும், கொதிநீரிலிட்டாலும் வளையாத சீப்புகளும், திரைச்சீலை ஓடுகின்ற சிறு கொளுவிகளும் செய்தனர். ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய கிற்றார் வாத்தியத்துக்கு 1940களில் நைலோன் தந்தி வந்தது. இவற்றையெல்லாம் விட இலங்கையரின் வாழ்வைத் தொட்டது மீன்வலையாகும். முன்னாளில் வலைகள் பருத்தி, சணல் முதலியவற்றின் நூலால் ஆனவை. கடல்நீரில் அவை விரைவில் உக்கும். ஆகையால், மரப்பட்டைச் சாயத்தில் தோய்ப்பதும், கரையில் விரித்துக் காயவைப்பதும், கிழிந்த கண்களைப் பொத்துவதும் மீனவர் குடும்பத்தின் ஓயாத வேலையாக இருந்தன. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் நைலோன் வலை பரவியபோது, இவ்வேலையின் பெரும்பகுதி குறைந்தது. உக்காத, மெல்லிய, வலிய அவ்வலையில் மீனும் கூடுதலாகப் பட்டது. ஆனால், உக்காமை என்ற அதே குணம் தீங்குமாயிற்று. கடலிலே தொலைந்த வலை, எடுப்பாரின்றிக் கிடந்தும் மீனைக் கொன்றுகொண்டேயிருக்கும். ஒற்றை இழையாலான தங்கூசி வலையை இலங்கைச் சட்டம் இன்று தடைசெய்துள்ளது.

கடலில் உக்காத நைலோன் நூதனசாலையிலும் அழியாது என்று எண்ணுதல் பிழையாகும். சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் அதன் சங்கிலிகளை அறுக்கின்றன. வெண்ணிறத் துணி மஞ்சளாகிறது. வலிய இழை தொட்ட மாத்திரத்தில் இற்றுவிழுகிறது. உராய்வினால் மின்னேற்றம் பெற்றுத் தூசியையும் தன்பால் இழுக்கிறது. இறப்பர் நாடா சேர்ந்த ஆடையாயின், நைலோனுக்கு முன் இறப்பர் கெட்டு அதனையும் கறைப்படுத்தும். ஆகவே, காப்பாளர்கள் இத்தகைய ஆடைகளை 50 லக்சுக்கு மேற்படாத மங்கிய ஒளியிலே, அதுவும் குறித்த காலத்துக்கே காட்சிக்கு வைப்பர். ஏனைய நாட்களில் அமிலமற்ற தாளில் மடிப்பு விழாதபடி சுற்றி இருட்பெட்டியில் வைப்பர்.

நூதனசாலைகள் நைலோனை நம்பி ஏமாந்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. கரையுந் தன்மையுடைய ஒருவகை நைலோனை 1950களின் இறுதியிலே பிரித்தானிய நூதனசாலையின் ஆய்வுகூடத்தார் அறிமுகஞ் செய்தனர். உதிரும் வர்ணத்தையும் நொய்ந்த எலும்பையும் பழைய தாளையும் இறுக்கிப் பிடிக்க அதனைப் பூசலாம், வேண்டும்போது கரைத்து அகற்றலாம் என்று கருதப்பட்டது. 1960களில் பல நாடுகளில் அதனை ஆயிரக்கணக்கான அரும்பொருள்கள் மீது பூசினர். காலம் செல்லச் செல்ல அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ள, அது கரைய மறுத்தது. தூசியைப் பற்றிப் பொருளின் முகத்தையே மங்கச் செய்தது. 1981ஆம் ஆண்டில் அதனைக் கைவிட வேண்டுமென வற்புறுத்தும் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது. மீட்டெடுக்க முடியாத எதனையும் பழம்பொருள் மீது செய்யலாகாது என்ற பாடத்தைக் காப்பாளர் மிகுந்த விலை கொடுத்தே கற்றனர்.

இவ்வாறு அரிதின் முயன்று ஒரு பற்தூரிகையையும் மேசையும் ஏன் காத்தல் வேண்டும்? அரசன் அணிந்த முடியைக் காப்பதற்குப் பலர் உளர். சாதாரண மக்கள் அன்றாடம் தொட்டுப் பழகிய பொருளைக் காப்பார் இலர். எங்கும் மலிந்து கிடப்பதனாலேயே அது விரைவில் இல்லாது போகிறது. மேலும், நூதனசாலைக்கு வந்துசேரும் நைலோன் பொருள்களுள் உறை பிரிக்காதவை பல. பயன்படுத்தியவை தேய்ந்து அழிய, பயன்படுத்தாதவையே எஞ்சின. இதனால் வருங்காலத்தவர் அந்நாளைய வாழ்வைப் பிழையாக விளங்கிக்கொள்ளவுங் கூடும். ஓடிய இழையை நிறம் வேறுபட்ட நூலால் தைத்து மீண்டும் அணிந்த மேசு ஒன்று, புத்தம் புதிய பத்து மேசுகளிலும் கூடுதலான உண்மையைச் சொல்லும்.

இக்கருத்து சீபோர்ட்டுக்கும் போண்மத்துக்கும் மட்டும் உரியதன்று. பருத்தி வலையைப் பட்டைச் சாயத்தில் தோய்த்த கைகளும், முதன்முதலில் நைலோன் வலையைக் கடலில் வீசிய கைகளும் இலங்கைக் கரையோரங்களிலே முதுமையடைந்துவிட்டன. ஒரு பாடசாலை அலுமாரியின் ஒரு தட்டு போதும். அதிலே இரு வலைத்துண்டுகளையும் அருகருகே வைத்து, அவற்றைப் பயன்படுத்தியவர் சொல்லும் செய்தியை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தால், அவ்வூரின் அரை நூற்றாண்டு வரலாறு அங்கே நிற்கும். பொருளைப் பெற்று அதன் கதையைப் பெறாது விடுவோர், கடிதத்தைத் தொலைத்து உறையை மட்டும் பேணுவோரை ஒப்பர். உறையைப் பின்னரும் தேடிப் பெறலாம். கடிதத்தைச் சொல்ல வல்லவர் மறைந்தபின் அதனை எங்கே தேடுவது?