பேனாவால் நீண்ட புயல்

2019 செப்டம்பர் 4. வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்தில் பத்திரிகையாளர்கள் முன் ஒரு பெரிய படத்தைக் காட்டினார் அதிபர் டிரம்ப். டோரியன் சூறாவளி எந்தப் பக்கம் போகும் என்று தேசியச் சூறாவளி மையம் ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட படம் அது. அட்லாண்டிக்கில் தொடங்கி புளோரிடாவை மூடும் ஒரு கூம்பு. அதன் ஓரத்தில் அச்சடிக்காத ஒரு வளைவு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கருப்பு மார்க்கரில் கையால் போட்டது. அலபாமா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையைத் தொட்டு வளைத்திருந்தது அந்தக் கோடு.

இதைப் போட்டது யார் என்று நிருபர்கள் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்றார் அதிபர். கையெழுத்துப் போட அவர் விரும்பி எடுப்பது ஷார்பி மார்க்கர் என்பது ஊருக்கே தெரியும். விவகாரத்துக்கு 'ஷார்பிகேட்' என்று பெயர் விழுந்தது.

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கூம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தான் கோட்டின் கனம் புரியும். நம் வானிலைத் துறை புயல் நாட்களில் வெளியிடும் படத்திலும் இதே கூம்பு உண்டு. பலர் அதைப் புயலின் உருவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. கடந்த 5 ஆண்டுகளில் தங்கள் கணிப்பு எவ்வளவு தூரம் பிசகியது என்று அமெரிக்க மையம் கணக்கெடுக்கிறது. சுமார் மூன்றில் இரண்டு முறை புயலின் மையம் உள்ளே அடங்கும்படி கூம்பின் அகலத்தை வைக்கிறது. நாளைக்கு ஒல்லியாகவும் ஐந்தாம் நாளுக்கு அகலமாகவும் இருப்பது அதனால்தான். ஆக, 'எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று விஞ்ஞானிகள் போட்டுக்கொடுத்த எல்லை அது. அதை இன்னொருவர் பேனாவால் நீட்ட முடியாது. தேசிய வானிலை மையம் வெளியிட்டதுபோல் போலிக் கணிப்பைத் தெரிந்தே பரப்பினால் 90 நாள் வரை சிறை என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது.

கோட்டுக்கு முன்கதை உண்டு. செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. டோரியன் மணிக்கு சுமார் 295 கி.மீ. காற்றோடு பஹாமாஸின் அபாகோ தீவுகளை நொறுக்கிய நாள். அன்று காலை, புயல் பலமாகத் தாக்கக்கூடிய மாநிலங்களின் வரிசையில் அலபாமாவையும் சேர்த்து அதிபர் ட்விட்டரில் எழுதினார். அதற்குள் கணிப்பு வடக்கே திரும்பிவிட்டிருந்தது. அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள தேசிய வானிலை மைய அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. சுமார் 20 நிமிடத்தில் அவர்கள் ஒரு பதிவு போட்டார்கள்: டோரியனால் அலபாமாவுக்குப் பாதிப்பு இல்லை, புயல் வெகு கிழக்கே போய்விடும்.

அதிபர் பழைய தகவலை வைத்து எழுதியிருக்கலாம். முந்தைய நாட்களின் காற்று வரைபடங்களில் அலபாமாவின் ஒரு மூலைக்குச் சிறிய வாய்ப்பு இருந்தது உண்மை. 'அது பழைய கணிப்பு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்று மாலைக்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள். என் பார்வையில், ஞாயிற்றுக்கிழமை நடந்தது தப்பு. பொய் புதன்கிழமைதான் பிறந்தது, தப்பைக் காப்பாற்ற.

வெள்ளிக்கிழமை அது இன்னொரு படி ஏறியது. வானிலை மையத்தின் தாய் நிறுவனமான நோவா, கையெழுத்தில்லாத ஓர் அறிக்கை விட்டது. பர்மிங்காம்காரர்கள் அவ்வளவு அடித்துப் பேசியது தவறாம்! அன்றைக்குத்தான் டோரியன் வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனையில் கரையேறிக்கொண்டிருந்தது. அலபாமா பக்கம் அது எட்டியும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, அதே அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரில் வானிலையாளர்கள் மாநாடு. வானிலை மையத்தின் இயக்குநர் லூயிஸ் உசெல்லினி மேடையேறி, பர்மிங்காம் ஊழியர்களை எழுந்து நிற்கச் சொன்னார். அரங்கமே எழுந்து கைதட்டியது. மக்களின் பீதியை அடக்கத்தான் அவர்கள் பதிவு போட்டார்கள், அழைப்புகளுக்குக் காரணம் யாருடைய ட்வீட் என்பது பிறகுதான் தெரிந்தது என்று அவர் விளக்கினார். 2020 ஜூனில் வெளியான விசாரணை முடிவு, நோவாவின் பொறுப்புத் தலைவர் நீல் ஜேக்கப்ஸ் அறிவியல் நேர்மை விதிகளை மீறினார் என்றது. அவர்தான் 2025 முதல் நோவாவின் தலைவர்.

வராத புயலை வரும் என்று சொன்ன கதை இது. வந்த வெள்ளத்தைக் குறைத்துச் சொன்ன கதை ஸ்பெயினில் நடந்தது. அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

2024 அக்டோபர் 29. காலை 7:36-க்கே வலென்சியாவுக்கு சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது அந்நாட்டு வானிலை முகமை. முந்தைய நாள் எச்சரிக்கைகளைப் பார்த்தே வலென்சியா பல்கலைக்கழகம் வகுப்புகளை ரத்து செய்திருந்தது. மதியம் 1 மணியளவில் வலென்சியா பிராந்திய அரசின் தலைவர் கார்லோஸ் மசோன் கேமரா முன் வந்து, மழை குவென்கா மலைப்பக்கம் நகர்கிறது, மாலை 6 மணிக்குள் தீவிரம் குறைந்துவிடும் என்றார். எச்சரிக்கை அப்படியே நீடிக்கும்போது சொன்ன ஆறுதல் இது. அந்தக் காணொளி பின்னர் அவருடைய பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது.

பைபோர்த்தா என்ற ஊரில் அன்று மழையே இல்லை என்று சொல்லலாம். மேலே துரீஸ் என்ற ஊரில் ஒரே மணி நேரத்தில் 184 மி.மீ. கொட்டிய தண்ணீர், போயோ ஓடை வழியாக அங்கே இறங்கியது. வானத்தைப் பார்த்து ஆபத்தைக் கணிக்க வழியில்லாத ஊர். யாராவது சொன்னால்தான் உண்டு. கைபேசிகளில் அபாய ஒலி அடித்தது இரவு 8:11-க்கு. அதற்குள் பலர் காரை மீட்க நிலவறை நிறுத்தத்துக்கு இறங்கியிருந்தார்கள், தரைத்தளத்தில் சிக்கியிருந்தார்கள். வலென்சியா மாகாணத்தில் இறந்தவர்கள் சுமார் 230 பேர்.

மதியம் சொன்னது தப்புக்கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். அன்று பிற்பகல் மசோன் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு வந்த பதில்கள்தான் மாறிக்கொண்டே போயின. எல் வென்டோரோ என்ற உணவகத்தில் ஒரு பத்திரிகையாளரோடு நீண்ட மதிய உணவில் இருந்தார் என்பது பத்து நாள் கழித்து வெளியே வந்தது. அவசரக்கால ஒருங்கிணைப்பு மையத்துக்கு 7 மணிக்குக் கொஞ்சம் பிந்தி வந்துவிட்டதாக முதலில் சொல்லியிருந்தார். 2025 பிப்ரவரியில் அந்தக் கணக்கும் மாறியது. பதவி விலகலை அறிவிக்க அதே ஆண்டு நவம்பர் வரை ஆனது.

கண்காணிப்பு கேமராவில் அவர் மையத்துக்குள் நுழையும் நேரம் இரவு 8:28.